பாசியைச் சுரண்டுமுன்

ஐப்பசி மாதத்து மழை நாலைந்து நாட்கள் விடாது பெய்து ஓய்ந்தபின், குன்னம் வட்டத்துக் கிராமங்களில் கிணற்றின் உட்சுவர், மதகின் கல்லிடுக்கு, கோயிற் சுற்றுச்சுவரின் அடிப்பாகம், ஏரிக்கரையின் நிழற்பக்கம், புளியமரத்தின் தூர் ஆகிய இடங்களிலெல்லாம் பசுமையான ஒரு படலம் தோன்றுவதைக் குடியானவர் ஒவ்வொருவரும் கண்டிருப்பர். கோடையில் அவ்விடங்களில் கரிந்த அழுக்குப் போன்ற ஒன்றே காணப்படும். மழை வந்தவுடன் அது பச்சை நிறம் பெறுகிறது. இதனைப் பொதுவாகப் பாசி என்பர். இதைப் பற்றி விவசாயிகளிடம் இருவித அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. சிலர் இது மரத்துக்கும் மண்ணுக்கும் கேடு செய்வதென எண்ணிச் சுரண்டியும் மருந்து தெளித்தும் ஒழிக்க முற்படுகின்றனர். மற்றையோர் இது கவனிக்கத் தகுதியற்ற அற்பப் பொருள் என்று விட்டுவிடுகின்றனர். இவ்விரு அபிப்பிராயங்களும் பிழையானவை என்பதையும், இப்பிழையினால் பணமும் கரைமண்ணும் வீணாகின்றன என்பதையும் எடுத்துக் காட்டுவது அவசியமாகின்றது.

பெயரினால் விளையும் குழப்பம்

பிழைக்கு முதற் காரணம் பெயரே. தமிழில் பாசி என்னும் ஒரு சொல் பற்பல பொருள்களைக் குறிக்கின்றது. குளத்தில் மிதக்கும் நீர்ப்பாசி ஒன்று. நெல்வயலில் நீலம் கலந்த பச்சை நிறத்துடன் படரும் நீலப்பச்சைப்பாசி மற்றொன்று. மண்டபம் கடற்கரையில் எடுக்கப்பட்டுப் பயிரூக்கியாக விற்கப்படும் கடற்பாசி வேறு. சமையலில் வாசனைக்கிடும் கல்பாசியோ, பூஞ்சணமும் நுண்பாசியும் ஓருடலாய்க் கூடி வாழும் ஓர் இணைவுயிர். மாட்டுத் தீவனமாக வளர்க்கப்படும் அசோலாவைச் சிலர் பாசி என்றழைப்பினும் அது மிதக்கும் பெரணி இனத்தைச் சேர்ந்தது. பாசிப்பயறு தன் நிறத்தால் அப்பெயர் பெற்றது. ஊராட்சிப் பதிவேடுகளில் காணப்படும் மீன்பாசிக் குத்தகைக்கும் சுவரிற் படரும் பாசிக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை.

ஆங்கில நூல்களில் மாஸ் எனப்படும் பூண்டே இங்கு எடுத்துக்கொண்ட பொருள். நீரில் மிதப்பவற்றினின்று பிரித்தறியும் பொருட்டு இதனை நிலப்பாசி என வழங்குவது நலம். வயலில் நீர்ப்பாசி மிகுந்து நாற்றை அமிழ்த்துமாயின், மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து வாய்க்கால் வாயிலில் இடுவது வழக்கத்திலுள்ள முறை. இம்முறையை நிலப்பாசிக்கும் பொருந்தும் என்று கொண்டு, சிலர் மயில்துத்தக் கரைசலைக் கிணற்றுச் சுவரிலும் ஏரிக்கரையிலும் ஊற்றுகின்றனர். அதனால் மருந்துச் செலவும், ஜலத்திற் கலக்கும் தாமிரத்தால் மீனுக்குக் கேடும் நேர்வதன்றி வேறு பயனில்லை.

நீலப்பச்சைப்பாசியை அழிப்பதிலும் ஆராய்ச்சி வேண்டும். வங்காளத்து விஞ்ஞானி பி. கே. டே என்பவர், நெல்வயலில் தழைச்சத்து தானே பெருகுவதற்கு இப்பாசியே காரணம் என்று 1939-ஆம் ஆண்டு நிரூபித்தார். ஒரே பெயரைக் கேட்டு எல்லாவற்றையும் பகையெனக் கொள்பவர் தமக்கு உரமிடும் வேலையாளையே வயலினின்று விரட்டுபவராவர்.

நிலப்பாசியின் இயல்பு

நிலப்பாசி மிகப் பழமையான தாவர வகுப்பைச் சேர்ந்தது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடக்கின்றது. புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் அவர்களால் 1940-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட அம்மரம் சுமார் பன்னிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பர். அம்மரம் உயிருடன் நின்ற காலத்திலேயே நிலப்பாசியின் குலம் முதுகுலமாய் இருந்தது. உலகில் இன்று ஏறக்குறைய பன்னீராயிரம் இனங்கள் அறியப்பட்டுள்ளன. தமிழகத்தில் பழனி மலைகளின் நிலப்பாசிகளைச் செண்பகனூர்ப் பாதிரியார் ஜார்ஜ் போரோ பன்னெடுங்காலம் சேகரித்து ஆராய்ந்து, 1961-ஆம் ஆண்டு அவற்றின் விவரத்தை வெளியிட்டார்.

இதற்கு மெய்யான வேர் இல்லை. மயிர் போன்ற வேரிழைகள் உள. அவை மண்ணையோ கல்லையோ மரப்பட்டையையோ பற்றிக்கொள்வதற்கே முக்கியமாக உதவுகின்றன. மரஞ்செடிகளில் நீரை மேலேற்றும் குழாய்கள் போன்றவை இதில் முதிர்ச்சியடையவில்லை. நீரையும் உப்புச்சத்துக்களையும் இலையின் மேற்பரப்பு முழுவதாலும் மழையிலிருந்தும் பனியிலிருந்தும் தூசியிலிருந்தும் பெறுகின்றது. இலையோ, நடுநரம்பு நீங்கலாகப் பெரும்பாலும் ஒரே கண்ணறைப் படலம். ஆகவே ஈரம் கிட்டியவுடன் விரைவில் நனைந்து பசுமையடைகின்றது. ஈரம் அகன்றவுடன் சுருண்டு உறங்குகின்றது. நெற்பயிர் வாடி மடியும் அளவுக்கு உலர்ந்த பின்னும் இது மடிவதில்லை.

சமவெளிகளில், சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவரிலும் செங்கல்லிலும் நனைந்த பாறையிலும் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது ஹயோபிலா இன்வல்யூட்டா என்னும் இனமாகும். அரை அங்குலத்துக்கு மேற்படாத குட்டைப் பூண்டு இது. காய்ந்த காலத்தில் இதன் இலைகளின் ஓரங்கள் உள்நோக்கிச் சுருண்டு குழல்போலாகும். ஒரு குவளை ஜலத்தை அதன்மீது தெளித்துப் பார்த்தால் சில நிமிஷங்களில் இலைகள் விரிந்து பசுமையாவதைக் காணலாம். பள்ளிச் சிறுவருக்குக் காட்டத்தக்க எளிய பரீக்ஷை இது. குளிர்ந்த மலைகளில், தீப்பட்ட தரையில் முந்தி முளைப்பது பியூனேரியா என்னும் இனம். இதன் வித்துப்பையைத் தாங்கும் காம்பு ஈரத்துக்கும் வறட்சிக்கும் ஏற்பத் திருகியும் அவிழ்ந்தும் கொடுக்கும் தன்மையுடையது.

நிலப்பாசிக்குப் பூவும் விதையும் இல்லை. ஆண் அணு பெண் அணுவை அடைவதற்கு நீர்ப்படலத்தில் நீந்திச் செல்ல வேண்டும். ஆதலால் மழைக்காலமே இதன் மணக்காலம். பின்னர்ச் சிறு காம்பின் நுனியில் பை ஒன்று தோன்றி, முதிர்ந்து உலர்ந்து, தூள்போன்ற வித்தணுக்களைக் காற்றில் உதிர்க்கின்றது. ஹயோபிலா போன்ற இனங்கள் இலைக்கக்கத்தில் தோன்றும் நுண்ணிய மொட்டுகளாலும் பரவுகின்றன.

வாழிடங்களும் அவை உணர்த்தும் செய்திகளும்

நிழல், நின்று நிதானமாய்க் காயும் ஈரம், கலைக்கப்படாத தரை என்னும் மூன்றும் ஒருங்கே அமைந்த இடமே நிலப்பாசிக்கு உகந்தது. குன்னம் பகுதியில் மழையின் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்திலேயே பெய்துவிடுகின்றது. பங்குனி முதல் ஆடி வரை கடும் உஷ்ணம். ஆகவே இங்கு நிலப்பாசி ஆண்டில் மூன்று நான்கு மாதங்கள் விழித்தும் மற்றைய மாதங்களில் உறங்கியும் வாழ்கின்றது. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசற்காட்டில் இதனைக் காண்பது அரிது. கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் வெடிப்பதாலும், ஆண்டுதோறும் உழப்படுவதாலும், இதன் மெல்லிய பிடி அறுந்துபோகின்றது. செம்மண் வரப்பிலும், சரளைக் கரையிலும், கல்லிடுக்கிலுமே நிலைத்து நிற்கின்றது. மேற்கே பச்சைமலையின் ஓடைக்கரைகளிலும், அருவியின் சாரல் படும் பாறைகளிலும், மரநிழலிலும் இது தடித்து வளர்வதற்கு வேண்டிய ஈரமும் நிழலும் உள.

நிலப்பாசி உள்ள மண் புளிப்பு மண் என்று குளிர்நாட்டுத் தோட்ட நூல்களில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் சிலர் சுண்ணாம்பு இட வேண்டுமென எண்ணுவர். இக்கருத்து இங்குப் பொருந்தாது. சுண்ணாம்புக்கல் நிறைந்த பெரம்பலூர், அரியலூர்ச் சீமையில் மிகுதியாய்க் காணப்படும் இனங்கள் சுண்ணாம்பை விரும்புபவை. பாசியைக் கண்டு சுண்ணாம்பு இடுதல் வீண் செலவாகும்.

ஆயினும் பாசி ஒரு செய்தியைத் தெரிவிக்கின்றது. மிளகாய், கத்தரி, வெங்காய நாற்றங்காலில் மேற்பாத்தி பச்சைத் தோல் போர்த்தாற்போல் காணப்படுமாயின், அங்கு நீர் அளவுக்கு மிஞ்சிப் பாய்கிறது, மண் இறுகியிருக்கிறது, வடிகால் போதவில்லை என்று அறியலாம். அத்தகைய நாற்றங்காலில் நாற்றழுகல் நோய் நுழைவது எளிது. பாசியைக் கிள்ளி எறிவதில் பயனில்லை. பாத்தியை உயர்த்தி, நீரைக் குறைத்து, வெயில் படச் செய்தலே பரிகாரம்.

மரத்துக்குத் தீங்கு செய்யுமா?

மா, எலுமிச்சை, புளி ஆகிய மரங்களின் தூரில் பாசி படர்ந்தால் அது சாற்றை உறிஞ்சி மரத்தை மெலிவிக்கும் என்பது பலரது நம்பிக்கை. இது தவறு. வேரற்ற ஒரு பூண்டு பட்டையைத் துளைத்துச் சாற்றை எடுக்க இயலாது. பட்டையை அது இருக்கையாகக் கொள்கிறதேயன்றி உணவாகக் கொள்வதில்லை. உண்மையில் சாற்றை உறிஞ்சும் பகை, கிளைகளிற் பற்றி வளரும் புல்லுருவியாகும். அதனைக் கிளையோடு வெட்டி நீக்க வேண்டியது குடியானவர் கடமை. புல்லுருவியைக் கண்ணெதிரே வளரவிட்டுப் பாசியைக் கத்தியாற் சுரண்டுவோர், பட்டையிற் காயமுண்டாக்கி நோய்க்கு வாயில் திறந்துவிடுகின்றனர். பாசி அளவுக்கு மிஞ்சியிருப்பின் தோப்பு அடர்ந்துவிட்டது, காற்றும் ஒளியும் உட்புகவில்லை என்று பொருள். உட்கிளைகளைக் கழித்துவிட்டால் போதுமானது.

கிணற்றுப் படியிலும் குளத்துப் படியிலும் படியும் வழுக்கல் வேறு விஷயம். மனிதர் கால்வைக்கும் இடத்தில் அதனைத் தேய்த்துக் கழுவுதல் அவசியமே. அவ்வாறே பழைய கோயிற் சுவரிலும் மதகின் சாந்துப் பூச்சிலும் பாசி ஈரத்தைத் தேக்கிக் காரையை நெகிழச் செய்யக்கூடும். அங்கு முதலிற் செய்யத்தக்கது நீர்க்கசிவை அடைப்பது. பின்னர் மென்மையான தென்னந்துடைப்பத்தால் துலக்கலாம். திராவகம் ஊற்றுவது சுண்ணாம்புச் சாந்தையே அரித்துவிடும்.

ஏரிக்கரையில் இதன் பயன்

மழைத்துளி வெற்று மண்ணின்மீது விழும்போது மண்கட்டியைச் சிதறடித்து, நுண்மண்ணைக் கலக்கி, ஓடும் நீரோடு சேர்த்துவிடுகின்றது. புல்லோ பாசியோ போர்த்த மண்ணில் துளியின் வேகம் அப்போர்வையிலே தணிந்துவிடும். நிலப்பாசியின் வேரிழைகளும் அதனுடன் வாழும் நுண்பாசிகளும் மேல்மண்ணைத் தைத்தாற்போல் பிணைத்து வைக்கின்றன. சீனத்தின் மஞ்சள்மண் மேட்டுநிலத்தில் செய்யப்பட்ட ஆராய்ச்சிகள், பாசிப்போர்வை மண்ணரிப்பைப் பெரிதும் குறைப்பதைத் தெளிவாகக் காட்டியுள்ளன. பாசியொன்றே கரையைக் காக்கும் என்று கூறுவது மிகையாகும். கரையைக் காப்பது நல்ல மண்ணும், நன்கு இடித்த கட்டும், புல்லும் மரமுமே. ஆயினும் புல் முளைக்கத் துணியாத வறண்ட சரளைச் சரிவில் முதலிற் குடியேறி, தூசியையும் ஈரத்தையும் பிடித்துவைத்துப் பின்வரும் புல்விதைக்கு இருக்கை அமைப்பது பாசியே.

தமிழ்நாட்டரசு 2017-ஆம் ஆண்டு குடிமராமத்து முறையைப் புதுப்பித்தபின் ஏரிகளைத் தூர்வாரிக் கரை உயர்த்தும் வேலையில் ஊரார்க்கு மீண்டும் ஊக்கம் பிறந்தது. இது மிகவும் போற்றத்தக்கது. ஆனால் இத்தகைய வேலைகளில் நேரும் ஒரு குறையை எடுத்துரைப்பது தகும். இயந்திரத்தை வாடகைக்கு அமர்த்தியவர், வாடகை நேரம் மிஞ்சியிருக்கிறதே என்று, பழுதற்ற கரையின் மேற்றோலையும் சேர்த்து வழித்துவிடுகின்றனர். செம்மண் பளிச்செனத் தெரிவதே நல்ல வேலைக்கு அடையாளம் என்று கருதப்படுகின்றது. புரட்டாசியில் இவ்வாறு வழிக்கப்பட்ட கரையின்மீது ஐப்பசி மழை அறைந்தால், எடுத்துக் கொட்டிய மண்ணில் ஒரு பகுதி மீண்டும் ஏரிக்குள்ளேயே வந்து சேருகின்றது. சீமைக்கருவேலத்தைக் கரையினின்று வேரோடு பிடுங்கிய இடங்களில் குழியைக் களிமண்ணிட்டு இடிக்காது விட்டால் கேடு இன்னும் பெரிது. அழகுக்காகக் கரையைத் தோலுரிப்பது, வீட்டுக்கூரை அழுக்காயிருக்கிறதென்று கார்த்திகை மாதத்தில் ஓட்டைப் பிரிப்பது போலாகும்.

கரைவேலையைச் சித்திரை முதல் ஆனிக்குள் முடித்தல் வேண்டும். பழுதுபட்ட பகுதியை மட்டும் வெட்டிக் கட்டுதல் வேண்டும். பழுதற்ற சரிவின் புல்லையும் பாசியையும் தொடலாகாது. புதிதாகக் கட்டிய சரிவில் வெட்டிவேரோ அறுகோ நட்டு முதல் மழைக்கு முன்னரே பிடிக்கச் செய்தல் வேண்டும். இதற்குத் தனிச் செலவு சிறிது. மேற்பார்வையே தேவை.

மலைப்பாசியும் தோட்டக்கலை வியாபாரமும்

தொங்குதொட்டிகளுக்கும், பூச்செடிகளின் வேரைச் சுற்றிக் கட்டுவதற்கும், திருவிழாக் கால அலங்காரங்களுக்கும் மலைப்பாசியை வாங்கும் வழக்கம் நகரங்களில் உண்டு. மலைக்காட்டின் பாசிமெத்தையைக் கைப்பிடியாற் பிடுங்குவது கணநேர வேலை. அது மீண்டும் தடித்து வளரப் பல ஆண்டுகள் செல்லும். அம்மெத்தையினடியில் விதைகள் முளைக்கின்றன. சிறு பிராணிகள் வாழ்கின்றன. பாறைமேல் விழும் சாரல் உடனே ஓடிவிடாது தங்குகின்றது. 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம், காட்டு விளைபொருள்களின் பட்டியலில் புல், கொடி, நாணல் இவற்றோடு பாசியையும் பெயர்சொல்லிச் சேர்த்தது. தமிழ்நாட்டில் 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி காப்புக்காடுகள் பாதுகாக்கப்படுகின்றன. ஆகவே பச்சைமலைக் காப்புக்காட்டினின்று பாசியை மூட்டையாகக் கொணர்வது அற்ப விஷயமன்று என்பதை ஊராரும் அறிந்திருத்தல் வேண்டும்.

கொய்யா, மாதுளை, எலுமிச்சை ஆகியவற்றில் விண்பதியம் இடுவோர், பட்டையை வளையமாக எடுத்த இடத்தில் ஸ்பாக்னம் என்னும் சதுப்புப்பாசியை வைத்துக் கட்டுதல் நூன்முறை. அப்பாசி தன் உலர்ந்த எடையைப்போல் சுமார் இருபது மடங்கு நீரை ஏந்தவல்லது. அத்துடன் அழுகலையும் தடுக்கும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் பஞ்சு தட்டுப்பட்டபோது புண்களுக்கு வைத்துக் கட்ட அதனையே பயன்படுத்தினர். ஆயினும் அது குளிர்ந்த சதுப்புநிலத்துப் பொருள். நெடுந்தூரம் கடந்து விலையேறி வருவது. உலகின் நிலப்பரப்பில் நூற்றுக்கு மூன்று பங்கேயான அச்சதுப்புநிலங்கள் மண்ணிலுள்ள கரியில் கணிசமான ஒரு பங்கைச் சேமித்து வைத்திருப்பதால், அவற்றைத் தோண்டுவதை மேல்நாடுகளே குறைக்க முற்பட்டுள்ளன. நன்கு கழுவி மக்கிய தென்னை நார்க்கழிவு பதியத்துக்குத் தக்க மாற்றாகும். தேங்காய் விளையும் நாட்டில் பிறநாட்டுப் பாசிக்குப் பணம் கொடுப்பானேன் என்பது சிந்திக்கத்தக்கது.

தூசியை அளக்கும் கருவி

நிலப்பாசி தன் உணவைக் காற்றினின்றும் மழையினின்றும் பெறுவதால், காற்றிலுள்ள தூசியும் உலோகமும் அதன் உடலிலேயே தங்கிவிடுகின்றன. இவ்வியல்பை அறிந்து ஸ்வீடன் தேசத்தார் 1960-களின் இறுதியில் பாசியைச் சேகரித்துச் சோதித்து, எப்பிரதேசத்தில் ஈயம் முதலிய உலோகங்கள் மிகுதியாய்ப் படிகின்றன என்று படம் வரைந்தனர். ஐரோப்பாவின் பல நாடுகளில் 1990-ஆம் ஆண்டு முதல் ஐந்தாண்டுக்கொரு முறை இச்சோதனை நடைபெற்று வந்துள்ளது. சுண்ணாம்புக்கற் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் நிறைந்த அரியலூர்ச் சீமையிலும் அதையடுத்த குன்னம் வட்டத்திலும் இத்தகைய சோதனையைக் கல்லூரி மாணவரைக் கொண்டு நடத்துவது பெரும் பொருட்செலவின்றி இயலும். பயிரின்மீது தூசி படிகிறதென்று ஒருசாராரும், இல்லையென்று மறுசாராரும் வாதிடுவதைவிட, கோயிற்சுவரில் இருக்கும் சாட்சியைக் கேட்பது மேலாகும்.

செய்யத்தக்கன

கிராம நிர்வாக அலுவலரும், ஊராட்சித் தலைவரும், பாசன சங்கத்தாரும் மூன்று காரியங்களில் கருத்தூன்றினால் போதுமானது. முதலாவது, கரைவேலை மதிப்பீடு தயாரிக்கும்போதே எப்பகுதி வெட்டப்படும், எப்பகுதி தொடப்படலாகாது என்று முளையடித்துக் காட்டி, ஊரார் முன்னிலையில் குறித்துவைத்தல். இரண்டாவது, ஓடைப் புறம்போக்கிலும் கோயில் நந்தவனங்களிலும் எஞ்சியிருக்கும் நிழல்மரங்களை வெட்டவிடாது காத்தல். நிழல் போனால் ஈரம் போம். ஈரம் போனால் பாசியும், அதனைத் தொடர்ந்து மேல்மண்ணும் போம். மூன்றாவது, கிணற்றிலும் குளத்திலும் மயில்துத்தம் முதலிய மருந்துகளை ஊற்றுமுன் வேளாண்மை விரிவாக்க அலுவலரைக் கலந்துகொள்ளும்படி குடிகளுக்கு எடுத்துரைத்தல்.

நிலமுடையவர் செய்ய வேண்டியது இதனினும் எளிது. ஒரு பொருளை அழிக்குமுன் அது யாது, யாண்டு வாழ்கிறது, எதனை உண்கிறது என்று வினவுதல் வேண்டும். புல்லுருவிக்கும் பாசிக்கும் உள்ள வேற்றுமையை அறிந்தவன் ஒருநாட் கூலியை மிச்சப்படுத்துவான். நாற்றங்காற் பாசியின் செய்தியை அறிந்தவன் நாற்றையே மிச்சப்படுத்துவான். ஏரிக்கரைப் பாசியைத் தொடாது விட்டவன், அடுத்த ஆண்டு அதே மண்ணை ஏரிக்குள்ளிருந்து மீண்டும் வெட்டியெடுக்கும் செலவை ஊருக்கு மிச்சப்படுத்துவான். ஆகவே வருகின்ற சித்திரையில் கரைவேலைக்கு முளையடிக்கும்போது, வழிக்க வேண்டிய இடத்தைக் குறிப்பதற்கு முன்னர் வழிக்கலாகாத இடத்தைக் குறித்துக்கொள்வது உத்தமம்.